ஜெர்மனியில் அரியர் கிடையாது: மேற்படிப்புக்குப் போகும் முன் அந்த நாட்டின் உயர்கல்வி முறையைத் தெரிந்துகொள்ள

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் அரியர் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாடம் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதுவோம். அதிலும் போனால் அதற்கடுத்த செமஸ்டர் இருக்கிறது. கடைசி ஆண்டில் நாலைந்து அரியரைச் சேர்த்து முடித்து, நல்ல வேலையில் இருப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஜெர்மனியில் இந்த ஏற்பாடு இல்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மொத்தம் மூன்று முறை எழுதலாம். சில இடங்களில் இரண்டே முறை. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தோற்றுவிட்டால் ‘இறுதியாகத் தேர்ச்சியில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அத்துடன் அந்தப் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை நாட்டின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் போய்த் தொடரவும் முடியாது. புதிய இடத்தில் விண்ணப்பிக்கும்போது, முன்பு எங்கும் அப்படி வெளியேற்றப்படவில்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். மாணவர் விசா படிப்பைச் சார்ந்தது என்பதால் அதற்கும் சிக்கல் வரும்.

எடுத்த எடுப்பில் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியைப் பற்றி இங்கே நம் காதில் விழுவதெல்லாம் கட்டணமில்லாக் கல்வி, வங்கியில் காட்ட வேண்டிய பணம், விசா நேர்காணல் ஆகியவைதான். அங்கே படிப்பு எப்படி நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கல்லூரி, செமஸ்டர், பாஸ் என்று நாம் அறிந்த சொற்களையே அவர்களும் பயன்படுத்துகிறார்கள்; உள்ளே இருக்கும் பொருள் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் போகிறவர்கள்தான் முதல் ஆண்டில் தடுமாறுகிறார்கள்.

வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பல விஷயங்கள் தானாகவே விளங்கும். 1810இல் பெர்லினில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட். ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் பிரிக்கக் கூடாது, பேராசிரியருக்குக் கற்பிக்கும் சுதந்திரம் வேண்டும், மாணவருக்குக் கற்கும் சுதந்திரம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இன்றைய ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவும் ஆராய்ச்சியும் கற்பித்தலும் சுதந்திரமானவை என்றே சொல்கிறது. நடைமுறையில் இது எப்படித் தெரியும்? விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப்பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க் கிடையாது. வகுப்புக்கு வரவில்லையே என்று வீட்டுக்குப் போன் செய்ய எச்ஓடி இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே ஒரு தேர்வுதான் முழு மதிப்பெண்ணும். அந்தத் தேர்வுக்குக்கூட நீங்களே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டால், நன்றாகப் படித்திருந்தாலும் எழுத முடியாது.

இந்தச் சுதந்திரம் நம் பிள்ளைகளுக்கு இனிப்பாகத் தொடங்கும். அக்டோபரில் வகுப்புகள் ஆரம்பம், பிப்ரவரியில் தேர்வு. நடுவில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை என்பதால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஆகாது.

கிரெடிட் கணக்கைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். ஐரோப்பா முழுவதும் ஈசிடிஎஸ் என்ற புள்ளி முறை நடப்பில் இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு 60 புள்ளி, ஒரு செமஸ்டருக்கு 30. இது வகுப்பில் உட்காரும் நேரத்தை மட்டும் அளப்பதில்லை. மாணவர் செலவிட வேண்டிய மொத்த உழைப்பை அளக்கிறது. ஜெர்மனியில் ஒரு புள்ளிக்குப் பொதுவாக 30 மணி நேரம். 6 புள்ளி கொண்ட ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 180 மணி நேர உழைப்பு. விரிவுரையும் பயிற்சி வகுப்பும் சேர்ந்து வாரத்துக்கு 4 மணி என்றால், 15 வாரத்துக்கு 60 மணிதான் ஆகிறது. மீதி 120 மணி நேரம் நீங்கள் நூலகத்திலோ அறையிலோ தனியாக உட்கார்ந்து போட வேண்டியது. கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை காலியாக இருக்கிறதே என்று பகுதிநேர வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்த 120ஐ நினைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கிரெடிட் பெரும்பாலும் வாராந்தர வகுப்பு நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. இரண்டும் ஒன்றல்ல.

இளநிலைப் பட்டத்துக்கு 180 அல்லது 210 புள்ளிகள். முதுநிலைக்கு 120 அல்லது 90. இரண்டும் சேர்ந்து வழக்கமாக 300 வரும். இந்த அமைப்பு ஜெர்மனிக்கே புதியதுதான். 1999இல் இத்தாலியின் போலோன்யா நகரில் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட பிறகுதான் பேச்சலர், மாஸ்டர் என்ற படிநிலை அங்கே பரவியது. அதற்கு முன் பொறியியல் போன்ற துறைகளில் டிப்ளோம் என்ற ஒரே நீண்ட படிப்பு இருந்தது. வயதான ஜெர்மன் பொறியாளர் ஒருவர் தன்னை டிப்ளோம் இன்ஜினியர் என்று சொன்னால், நம் ஊர் டிப்ளமோ என்று எண்ணிவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் வாங்கியதானால் அது முதுநிலைக்குச் சமமான பட்டம். மருத்துவம், சட்டம், மருந்தியல் போன்றவை இன்றும் பேச்சலர், மாஸ்டர் வழியில் முழுமையாகச் சேராமல், அரசின் பொறுப்பில் நடக்கும் தேர்வில் முடியும் ‘அரசுத் தேர்வு’ முறையிலேயே இருக்கின்றன.

சொற்கள் நம்மைத் தடுமாற வைக்கும் இன்னோர் இடம், நிறுவனங்களின் பெயர். ‘கிம்னாசியும்’ உடற்பயிற்சிக் கூடம் அல்ல. பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பள்ளி. ‘ஹோக்ஷூலே’யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உயர்பள்ளி என்று வரும்; உண்மையில் அது எல்லா உயர்கல்வி நிறுவனத்துக்கும் பொதுப்பெயர். இவற்றுக்குள் நாம் கட்டாயம் பிரித்தறிய வேண்டியவை இரண்டு வகை.

ஒன்று, பல்கலைக்கழகம். 1386இல் தொடங்கிய ஹைடல்பெர்க் இதில்தான் வரும். ஆகன், ட்ரெஸ்டன், டார்ம்ஷ்டாட் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் இதே வகை. கோட்பாடும் ஆராய்ச்சியும் இங்கே முதன்மை. இரண்டாவது வகை ‘ஃபாக்ஹோக்ஷூலே’. இப்போது செயல்முறை அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பொருளில் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் பெற்றோர் பலர் பாலிடெக்னிக் என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். அது தவறு. இங்கே பேராசிரியர் ஆக வேண்டுமானால் முனைவர் பட்டத்தோடு பொதுவாக ஐந்தாண்டுத் தொழில் அனுபவமும் வேண்டும். அதில் மூன்று ஆண்டாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கார் நிறுவனத்தில் பிரேக் வடிவமைத்தவரே உங்களுக்குப் பிரேக் பாடம் நடத்துவார். வகுப்புகள் சிறியவை. படிப்புக்குள்ளேயே ஒரு செமஸ்டர் தொழிற்சாலையில் கழியலாம். இரண்டு வகையிலும் கிடைக்கும் மாஸ்டர் பட்டம் சமமானது. இரண்டில் எதை வைத்தும் முனைவர் ஆய்வுக்குப் போகலாம். ஆனால் முனைவர் பட்டம் தரும் உரிமை வழிவழியாகப் பல்கலைக்கழகங்களிடமே இருந்தது. 2016இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஃபுல்டாவில் உள்ள ஹோக்ஷூலேதான் முதன்முதலாக அந்த உரிமையைப் பெற்றது. எனவே ஆய்வுதான் உங்கள் குறி என்றால் பல்கலைக்கழகம் பொருத்தம். படித்து முடித்துத் தொழில் நிறுவனத்துக்குப் போகப் போகிறவர்களுக்கு ஃபாக்ஹோக்ஷூலே பல நேரம் இன்னும் நல்ல இடம் என்பது என் உறுதியான கருத்து.

இதனால்தான் ‘ஜெர்மனியில எது அண்ணா டாப் காலேஜ்?’ என்று தம்பிமார் கேட்கும்போது நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன்: எந்தப் பாடத்துக்கு, எதற்காக? ஐஐடி, என்ஐடி, பிறகு மற்றவை என்று நாம் மனதில் கட்டி வைத்திருக்கும் ஏணியை அங்கே கொண்டுபோய்ச் சாத்த முடியாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே தர வேறுபாடு இல்லாமல் இல்லை; ஆனால் நம் ஊரைப் போல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு கிடையாது. ஒரு துறையில் புகழ்பெற்ற இடம் இன்னொரு துறையில் சாதாரணமாக இருக்கலாம்.

கல்வி, மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஜெர்மனியில் 16 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உயர்கல்விச் சட்டம். கட்டணம் பற்றிய குழப்பமும் இங்கிருந்துதான் வருகிறது. 2005இல் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம், கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட முடியாது எனத் தீர்ப்பளித்தது. உடனே சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கி, 2014இல் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பேச்சு இன்று முழு உண்மை அல்ல. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து (அக்டோபரில் தொடங்குவது) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்க ஆரம்பித்தது. ஷ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து அத்தகைய மாணவர்களுக்கு மாஸ்டர் படிப்பில் செமஸ்டருக்கு 4000 முதல் 6000 யூரோ வரை நிர்ணயித்தது. மற்ற பெரும்பாலான அரசு நிறுவனங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ மட்டும். மாணவர் விடுதி, உணவகம் ஆகியவற்றை நடத்தும் அமைப்புக்கும், பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டுக்கும் அதிலிருந்துதான் பணம் போகிறது.

தனியார் நிறுவனங்கள் தனிக் கதை. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வாங்குபவை உண்டு. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்க் கல்விக் கண்காட்சிகளில் பெரிய பதாகை வைத்து, ஐஈஎல்டிஎஸ் வேண்டாம், ஒரு வாரத்தில் அட்மிஷன் என்று அழைக்கும் இடம் எதுவானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். அரசு அங்கீகாரம் இருக்கிறதா? இந்தக் குறிப்பிட்ட படிப்பு தரச்சான்று பெற்றிருக்கிறதா? அரசுப் பல்கலைக்கழகங்கள் முகவர்களுக்குக் கமிஷன் கொடுத்து ஆள் சேர்ப்பதில்லை. ஆகவே முகவர் எந்தப் பெயரை அழுத்திச் சொல்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்கள் அத்தனையையும் ‘ஹோக்ஷூல்கொம்பாஸ்’ என்ற பொதுத் தளத்தில் தேடலாம். 1925இல் தொடங்கிய கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை, 5.0 தோல்வி. எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். நம் சிஜிபிஏவை அவர்கள் அளவுக்கு மாற்றப் பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதை உச்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். சிஜிபிஏ 8, உச்சம் 10, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2 வரும். அதே 8க்குத் தேர்ச்சிப் புள்ளி 4 என்று இருந்தால் 2.0. தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் 2.5. பல படிப்புகள் 2.5ஐத் தாண்டினால் விண்ணப்பத்தையே பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி என்ன என்பது மதிப்பெண் பட்டியலிலோ தனிக் கடிதத்திலோ தெளிவாக இருக்கட்டும்.

மார்க் நன்றாக இருந்தும் இடம் கிடைக்கவில்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் காரணம் பாடப் பொருத்தம். மாஸ்டர் என்பது அங்கே இளநிலையின் தொடர்ச்சி. எந்தப் பட்டம் என்பதைவிட அதற்குள் எதை எவ்வளவு படித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். கணிதத்தில் இத்தனை புள்ளி, நிரலாக்கத்தில் இத்தனை புள்ளி என்று சேர்க்கை விதியில் எழுதியிருக்கும். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், ஆன்லைன் சான்றிதழ் பத்து வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தேற முடியாது.

பிளஸ் டூ முடித்தவுடன் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. ஜெர்மன் பிள்ளைகள் 12 அல்லது 13 ஆண்டு படித்து ‘அபிடூர்’ என்ற தேர்வெழுதித்தான் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். நம் பிளஸ் டூவை நேரடியாக அதற்குச் சமமாக ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துத் தேறியிருந்தால் அதே துறையில் சேரலாம். ஜேஈஈ அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கும் தொழில்நுட்பப் பாடங்களில் வழி உண்டு. ‘ஷ்டூடியன்கோலெக்’ என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பும் இருக்கிறது. இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில வழி மாஸ்டர் படிப்புகள் நிறைய இருக்கின்றன. ஜெர்மன் தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் படிக்கும்போதே நிறுவனத்தில் பகுதிநேரம் வேலை பார்ப்பதும், முடித்த பின் கிடைக்கும் 18 மாத வேலை தேடும் அனுமதியில் ஒரு நல்ல வேலை பிடிப்பதும் மொழியைப் பொறுத்தே அமைகிறது. ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ உங்கள் ஊரிலோ, கிளம்பும் முன்பே பி1 என்ற நடுத்தர நிலை வரையாவது முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு, மேலே சொன்ன 120 மணி நேரக் கணக்கு இடம் கொடுக்காது.

வகுப்பறைக்குள் நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தவை உண்டு. பத்து மணி வகுப்பு என்று போட்டிருந்தால் பல இடங்களில் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். ‘கல்விக் கால்மணி’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு நான் திகைத்துப் போனேன். இன்னொன்று, விடைத்தாளைப் பார்க்கும் நாள். தேர்வு முடிவு வந்தபின் குறிப்பிட்ட நாளில் போய், திருத்திய உங்கள் தாளை நீங்களே புரட்டிப் பார்க்கலாம். இங்கே ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்கலாம். இது மாணவரின் உரிமை, சலுகை அல்ல. நம் மாணவர்கள் கூச்சப்பட்டுப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். தோற்ற தாளைப் பார்க்காமல் இரண்டாம் முறை எழுதப் போகாதீர்கள். அதே போல் ஒவ்வொரு பேராசிரியருக்கும் சந்திப்பு நேரம் உண்டு. அங்கே போய்ச் சந்தேகம் கேட்பதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சற்றும் இரக்கம் இல்லை. அடுத்தவர் எழுத்தை எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவது. 2011இல் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் என்ற பாதுகாப்பு அமைச்சரின் முனைவர் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டாத பகுதிகள் ஏராளமாக இருப்பது வெளிவந்தது. பைராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. அவர் பதவி விலகினார். இரண்டாண்டு கழித்து, கல்வி அமைச்சர் அனெட் ஷாவானும் அதே வகைக் குற்றச்சாட்டில் பட்டத்தை இழந்து பதவி விலகினார். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ரிப்போர்ட் வாங்கும் பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிட வேண்டும்.

இனி நடைமுறை. இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனே அதைக் கேட்கின்றன. முதலில் சொன்ன வங்கிப் பணம் இதுதான்: மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ காட்ட வேண்டும். அது கட்டணம் அல்ல, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் செலவுப் பணம். தொகை அவ்வப்போது ஏறும். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று பொதுவாகச் சொன்னாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கான பல மாஸ்டர் படிப்புகளின் கதவு மார்ச்சிலோ மே மாதத்திலோ மூடிவிடுகிறது. பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்கிங் பட்டியலை மூடி வைத்துவிட்டு இரண்டு ஆவணங்களைத் திறந்து படியுங்கள். இரண்டும் ஒவ்வொரு படிப்பின் இணையப் பக்கத்திலும் கிடைக்கும். ஒன்று பாடக் கையேடு: என்ன பாடம், எத்தனை புள்ளி, எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று தேர்வு விதிமுறை: எத்தனை முறை எழுதலாம், எத்தனை செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும், ஒரு விருப்பப் பாடத்தில் தோற்றால் அதை விட்டு வேறொன்றுக்கு மாறலாமா. ஜெர்மனில் மட்டும் இருந்தாலும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் துறையின் படிப்பு ஆலோசகருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதலாம். ‘என் புரொஃபைலுக்கு இடம் கிடைக்குமா?’ என்று கேட்டால் பதில் வராது. ‘நான் படித்த இந்த இரண்டு கணிதப் பாடங்கள் உங்கள் 20 புள்ளி நிபந்தனையில் சேருமா? பாடத்திட்டத்தை இணைத்திருக்கிறேன்’ என்று கேட்டால் பெரும்பாலும் வரும்.

அந்தப் பாடத்திட்டம்தான் இங்கிருந்தே ஆயத்தம் செய்ய வேண்டிய முதல் வேலை. நீங்கள் இன்னும் கல்லூரியில் இருந்தால் இந்த வாரமே அலுவலகத்துக்குப் போய், உங்கள் பேட்ச்சுக்குரிய ரெகுலேஷனின் முழு சிலபஸையும், எட்டு செமஸ்டருக்கும், கல்லூரி முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். படித்து முடித்து வெளியே வந்து மூன்று ஆண்டு ஆன பிறகு, ரெகுலேஷனும் மாறி, அலுவலகத்தில் ஆளும் மாறியிருக்கும்போது அதே தாள்களுக்காக நடையாய் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.